நாற்காலிக் கடை

அன்றைக்கு என் வீட்டுக்காரருடைய கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, மேசைக்குப் பின்னால் விறைப்பாக உட்கார்ந்து, கூடப்பிறந்த அக்காவைப் பார்த்து "ஏய், இங்க வா" என்று அதட்டினேன்.

அக்கா செல்லாயி வந்து நின்றாள். தோட்டத்திலிருந்து மழையில் நடந்தே வந்திருந்தாள். மழைக்குக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்த கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டி எங்கள் கடைத் தரையெல்லாம் ஈரம். நனைந்த கம்பளி வாடையும் புத்தக வாடையும் கலந்து மூக்கில் ஏறியது. மேசைக்கு முன்னால் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தோம். அவள் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"பேரு என்ன?"

"செல்லாயிங்க."

"எங்க பொறந்த?"

"இங்கதாங்க, தோட்டத்துல."

"இந்தியாவுக்குப் போயிரலாம்னு நெனப்பு இருக்கா?"

'இல்லைங்க' என்று அவள் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை கூத்தும். ஆனால் அக்கா என் முகத்தைப் பார்த்தாள், விரல் நுனியையும் தாண்டித் தொங்கிய கோட்டுக் கையைப் பார்த்தாள், பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். அவள் சிரிக்க, பத்திரிகை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து சிரிக்க, எனக்கு வந்ததே கோபம்! மேசையில் ஓங்கித் தட்டி, "என்ன இளிப்பு? கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஊருக்குப் போறதுதானே?" என்று கத்தினேன்.

சிரிப்பு நின்றது. அக்காவின் கண் தரைக்குப் போனது. கம்பளியைத் தலையிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள்.

  அவளுடைய குடியுரிமை விசாரணைக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன.

பலகையில் ஒரு பேர், வாயில் ஒரு பேர்

இது என்ன கூத்து, என்ன கோட்டு என்று கேட்பீர்கள். சென்ற வாரம் பொகவந்தலாவை பஸ் பாதையின் வளைவுகளைப் பற்றியே பக்கத்தை நிரப்பிவிட்டேன் என்று ஹற்றன் வாசகர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். கடையைப் பற்றி எழுதாமல் என்ன நினைவுக் குறிப்பு என்கிறார். நியாயம்தான். இந்த வாரம் கடைதான்.

என் வீட்டுக்காரர் இராமையா தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி அடிக்கிற வேலையில் இருந்தவர். சங்கத்தில் சேர்ந்தார், இன்னும் நாலு பேரைச் சேர்த்தார். பேரை வெட்டி, வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். பத்துச்சீட்டு வாங்கியவனுக்குச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்திலும் வேலை கிடைக்காது. மனுஷன் அசரவில்லை. பொகவந்தலாவை கடைத்தெருவில், காசிம் நானாவின் புடவைக் கடையை ஒட்டினாற்போல் ஓர் அறை காலியாக இருந்தது. அதைப் பிடித்தார். ஒதுக்கிப் போட்ட தேயிலைப் பெட்டிகளை வாங்கி வந்து, பக்கவாட்டில் அடுக்கி, ஆணி அடித்துப் புத்தக அடுக்காக்கினார். பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளை உரிக்கவில்லை. அது இருந்தால் பனி ஈரம் ஏறாது என்றார். அதனால் எங்கள் கடையில் வாங்கிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் தேயிலைத் தூள் மணக்கும்.

பஞ்சாங்கம், சிலேட்டு, கதைப் பாட்டுப் புத்தகங்கள், கொழும்பிலிருந்து ரயிலில் ஹற்றன் வந்து பஸ்ஸில் ஏறி வரும் பத்திரிகை, சென்னையிலிருந்து மாதம் தப்பி வரும் வார இதழ்கள். இவ்வளவுதான் சரக்கு. வாசிக்கத் தெரிந்தவர்கள் வாங்கினார்கள். தெரியாதவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பத்திரிகையை உரக்க வாசிப்பேன். என் தொண்டை கொஞ்சம் பெரிசு. எதிர்ச்சாரியில் இருக்கும் ரொட்டிக் கடைக்காரர், காசு கொடுக்காமல் பேப்பர் கேட்கிற ஆள் தான் ஒருத்தன்தான் என்று பெருமையடித்துக்கொள்வார்.

உங்களில் பலருக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. அந்தக் காலத்துத் தோட்டத்தைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் காம்பரா, தோட்டத்தை நடத்துகிற துரையுடையது. பாதை துரையுடையது. கோயில் திருவிழாவுக்குக்கூட துரை உத்தரவு வேண்டும். வெளியாள் ஒருவர் லயத்துக்குள் வந்து கூட்டம் போட்டால் வழக்குத்தான். யார் உத்தரவும் கேட்காமல் நாலு பேர் சேர்ந்து வாய்விட்டுப் பேச வேண்டுமென்றால் கடைத்தெருவுக்குத்தான் வர வேண்டும். அங்கேயும் தேத்தண்ணிக் கடை ஆம்பளைகளுக்கு, சாராயத் தவறணை ஆம்பளைகளுக்கு. வாரமெல்லாம் கொழுந்து எடுத்துவிட்டு வருகிற பொம்பளைகள் மழைக்கு ஒதுங்கக்கூட ஓர் இடம் கிடையாது.

எங்கள் கடையில் என் வீட்டுக்காரர் ஒரு சட்டம் வைத்திருந்தார். யார் உள்ளே வந்தாலும் முதலில் நாற்காலியில் உட்கார வேண்டும். அப்புறம்தான் புத்தகம், பத்திரிகை, பேச்சு எல்லாம். காசிம் நானா தன் கடையில் கால் ஆடிய நாற்காலிகளையெல்லாம் எங்களுக்குத் தள்ளிவிட்டார். இவர் ஆணி அடித்துச் சரி பண்ணினார்.

இதற்கு நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! துரைக்கு முன்னால் நின்றவர்கள், கணக்கப்பிள்ளைக்கு முன்னால் நின்றவர்கள், மருந்து வாங்குகிற ஜன்னலில் நின்றவர்கள். நாற்காலி என்பது பெரிய மனுஷருக்கு உண்டானது என்று பழகிப்போன உடம்பு. சிலர் விளிம்பில் தொட்டும் தொடாமல் உட்கார்வார்கள். ஒரு பெரியவர் நாற்காலியின் மேலே ஏறிக் குந்திக்கொண்டார். ஒரு பெண் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, தான் உட்கார்ந்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்து எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

பலகையில் நாங்கள் எழுதிவைத்த பேர் வேறு. அதை ஒருத்தரும் சொன்னதில்லை. ஊர் வைத்த பேர் நாற்காலிக் கடை. றொசல்லையிலிருந்து ஒருவர் இந்தப் பேரைக் கேட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து, பிரம்பு நாற்காலி என்ன விலை என்றார். இவர் அவரை உட்காரவைத்துப் பேசி, ஒரு பஞ்சாங்கத்தை விற்று அனுப்பினார்.

இதெல்லாம் துரை காதுக்குப் போகாமல் இருக்குமா? அக்கா வேலை செய்த தோட்டத்தில் பெரியசாமி என்று ஒரு கணக்கப்பிள்ளை. காலையில் ஆள் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், எல்லோரும் கேட்க, அந்தக் கடையில் போய்க் கால் மேல் கால் போட்டு உட்காருகிறவர்களைத் தனக்குத் தெரியும் என்று சொன்னாராம். அதிலிருந்து அந்தத் தோட்டத்து ஆட்கள் முன்வாசலில் வருவதில்லை. புடவைக் கடைக்குள் போய், சீத்தைத் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பின்கதவு வழியாக எங்கள் பக்கம் நுழைவார்கள். தோட்டத்து ஆள் ஒருவன் வந்து காசிம் நானாவை விசாரித்திருக்கிறான்.

"சேலை பாக்க வந்தாங்க, போனாங்க," என்றாராம் நானா. "கதவு எங்க தொறக்குதுன்னு நான் பாத்துக்கிட்டா இருக்கேன்?"

மரியாதையாகப் பேசியதால் வந்த வினை

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்தியா வம்சம் என்று சொல்லி எங்கள் தோட்டத்துச் சனங்களுக்குக் குடியுரிமை போயிற்று. வாக்கும் போயிற்று. இங்கேயே நிலையாக இருப்பவர்கள் என்று மனுப் போட்டு, விசாரணையில் நிரூபித்தால் பதிவு செய்வோம் என்றார்கள். போட்டோம். அந்த மனுக்களில் பாதியை எங்கள் கடையில் வைத்து இவர்தான் எழுதினார். அப்புறம் வருஷக் கணக்கில் சத்தமே இல்லை. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சங்கிலி என்று கொதிகலனுக்கு விறகு போடுகிறவர். அவருடைய காகிதமெல்லாம் பளிங்கு மாதிரி சுத்தம். பிறந்தது இங்கே, அப்பா பிறந்தது இங்கே. இவருக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று இருந்தோம். விசாரணை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததைச் சந்தோஷமாகச் சொன்னார்.

அதிகாரி நல்ல மனுஷராம். இங்கே கஷ்டம்தானே என்று கேட்டாராம். சங்கிலி ஆமாங்க என்றாராம். சொந்தக்காரர்கள் எல்லாம் அந்தப் பக்கம்தானே என்று கேட்டாராம். ஆமாங்க. அப்போ அங்கே போய்விட்டால் நல்லதுதானே? ஆமாங்க, ஐயா சொன்னா சரிதாங்க.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். சங்கிலிக்கு ஒன்றும் புரியவில்லை.

"மரியாதையாத்தாங்க பேசுனேன்," என்றார். "ஒரு வார்த்தை எதுத்துப் பேசல."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கோட்டுப் போட்ட ஆள் எதைக் கேட்டாலும் 'ஆமாங்க' என்று சொல்லித்தான் எங்கள் அப்பன் பாட்டன் எல்லாம் பிழைத்தார்கள். இல்லை என்று சொன்னவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அடுப்பும் எரியாது. அந்த வார்த்தை நாக்கில் தானாக வரும். சங்கிலியின் மனு தள்ளுபடியானது.

அதன்பிறகுதான் இந்தக் கோட்டு ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வாசித்து முடித்ததும் மேசையை நடுவில் இழுத்துப் போடுவோம். ஒருவர் கோட்டைப் போட்டு அதிகாரியாக உட்கார வேண்டும். விசாரணைக்கு அழைப்பு வந்தவர் எதிர் நாற்காலியில். பதில் சொல்லி முடித்தவர் அடுத்த ஆளுக்கு அதிகாரி. இந்த முறை மாறவே கூடாது என்பதில் இவர் பிடிவாதமாக இருந்தார். இன்னொன்றிலும் பிடிவாதம். ஒரு பொய்கூடச் சொல்லித் தரக் கூடாது, பதில் அவரவர் பதிலாக இருக்க வேண்டும். கடைத்தெருவில் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. புத்தகம் விற்கத் துப்பில்லாமல் நாடகம் போடுகிறார்கள் என்றார்கள். ஆமாம், போட்டோம். வாரா வாரம் போட்டோம்.

என் அக்காவிடம் தோற்றேன்

மற்றவர்களையெல்லாம் அதட்டி உருட்டிப் பழக்கிய நான், என் அக்காவிடம் தோற்றேன்.

அவளுக்கு மட்டும் ஏன் அத்தனை பதற்றம் என்றால், காரணம் இருக்கிறது. எனக்கும் இவருக்கும் முந்தைய வருஷமே பதிவு கிடைத்துவிட்டது. அக்கா புருஷன் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளோடு அவள் தனி ஆள். பதிவு கிடைக்காவிட்டால் அவளும் பிள்ளைகளும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. நாளைக்குக் கப்பலில் ஏற்று என்று ஓர் உத்தரவு வந்தால், நான் இந்த மலையில் நின்று கையை ஆட்டவேண்டியதுதான். அம்மா செத்தபிறகு என்னைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவள் அவள். அவள் இல்லாமல் இந்த நாட்டுக் குடியுரிமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

முதலில் சொன்ன அந்த மழைநாள் முடிந்து, எல்லோரும் போனபிறகு அவளிடம் சண்டை போட்டேன். ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல என்ன கேடு என்றேன்.

அவள் கம்பளியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"நீ மெதுவாக் கேட்டா சிரிப்பு வருது. சத்தமாக் கேட்டா பயம் வருது," என்றாள். "அங்க இருக்கப்போறது நீயாடி?"



பஞ்சாங்கம் வாங்க வந்தவர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரே கோட்டைப் போட்டார். அக்கா அவரிடமும் இரண்டு இடத்தில் 'ஆமாங்க' சொல்லிவிட்டு, முகம் வாடி எழுந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல் விழுந்தது.

அரைக்காற்சட்டை, நீளக் காலுறை, தொப்பி. கணக்கப்பிள்ளை பெரியசாமி!

நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் பின்கதவு வழியாகப் புடவைக் கடைக்குள் மறைந்தார்கள். அக்கா கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். போச்சு, திங்கட்கிழமை பெரட்டில் இவளுக்கு வேலை இல்லை என்று நினைத்தேன்.

பஞ்சாங்கம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, உட்காருங்கள் என்றார் என் வீட்டுக்காரர். பரவாயில்லை என்றார் அவர். உட்கார்ந்தால்தான் இங்கே வியாபாரம் என்றார் இவர். கணக்கப்பிள்ளை சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பஞ்சாங்கத்தைக் கையில் வாங்கிப் புரட்டினார். ஆனால் கண் அதில் இல்லை என்பது தெரிந்தது. பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் சொன்னார். சின்ன அறை, எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"எனக்கும் வந்திருக்கு இராமையா. நுவரெலியாவுக்கு, அதே நாள்."

அக்காவுக்கு வந்த அதே விசாரணை அழைப்பு, அதே நாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தொப்பியும் காலுறையும் போட்டு எங்கள் சனங்களை விரட்டிக்கொண்டிருந்த இந்த மனுஷனும் நாடு இல்லாத ஆள்தான். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நினைப்பே எனக்கு வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் கோட்டைக் கழற்றினார். கடைசியாகப் பதில் சொன்னவர் யார், அவர்தான் அதிகாரி என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா தன்னால் ஆகாது என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கணக்கப்பிள்ளைக்கும் முகம் சுருங்கியது. தன் மலையில் கொழுந்து எடுக்கிற பொம்பளை தன்னை விசாரிப்பதா? எழுந்து போய்விடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். போகவில்லை. விசாரணைப் பயம் அவரையும் அந்த நாற்காலியில் பிடித்துவைத்திருந்தது. முறை என்றால் முறைதான் என்று இவர் கோட்டை நீட்டியபடியே நின்றார்.

அக்கா கம்பளியை இறக்கிவைத்துவிட்டுக் கோட்டைப் போட்டாள். எனக்குத் தொளதொளவென்று தொங்கிய கோட்டு அவளுக்கு அளவாக இருந்தது. கூடை சுமந்த தோள் அல்லவா. மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

பேரு என்ன, என்ன வேலை, எங்கே பிறந்தது என்று வரிசையாகக் கேட்டாள். வாரா வாரம் கேட்ட கேள்விகள், மனப்பாடம். குரல் முதலில் நடுங்கியது. கணக்கப்பிள்ளை தொப்பியைத் தானாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பதிலுக்கும் 'ங்க' போட்டார். சின்ன வயதில் ஒரு தடவை ஊருக்குப் போய் வந்ததைச் சொன்னார். திரும்பப் போக ஆசை இருக்கிறதா என்று கேட்டதற்கு 'ஆ' என்று ஆரம்பித்து, முழுங்கி, இல்லைங்க என்றார். நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில்!

அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே குரலில், கொஞ்சமும் மாறாமல் கேட்டாள்.

"கொழுந்து நிறுக்கறப்போ கூடைக்கு ரெண்டு ராத்தல் கழிக்கிறீங்க, சரியா?"

"ஆமாங்க."

சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது.  முதலில் சிரித்தது புடவைக் கடைப் பக்கம் கதவுக்குப் பின்னால் நின்ற காசிம் நானா. அப்புறம் அடக்க முடியவில்லை, எல்லோரும் சிரித்துவிட்டோம். கணக்கப்பிள்ளை தொப்பியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கடைசியில் அவர் வாயும் கோணியது.

"தொரை முன்னாடியும் எனக்கு இதே வாய்தான் வருது, செல்லாயி," என்றார்.

பெரட்டில் அக்காவை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

இத்தோடு அவர் திருந்திவிட்டார், ராத்தல் கழிப்பதை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். சில வாரம் விட்டார். அப்புறம் பழையபடி கழித்தார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த இன்னொன்று மட்டும் மாறவில்லை. அக்கா எழுந்து, கோட்டைக் கழற்றிக் கணக்கப்பிள்ளை கையில் கொடுத்தாள். சுற்றி வந்து, யாரும் சொல்லாமல், எதிர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இப்போது என்னைக் கேளுங்கள் என்றாள்.

அவர் கேட்டார். பெரட்டுக் களத்து அதட்டலோடேயே கேட்டார்.

"இந்தியாவுக்குப் போயிரலாம்னு நெனப்பு இருக்கா?"

"இல்லைங்க," என்றாள் அக்கா.

நான் புத்தக அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

கச்சேரி வராந்தா

அரசாங்க அலுவலகத்தைத்தான் எங்கள் பக்கம் கச்சேரி என்போம். நுவரெலியா கச்சேரி வராந்தாவில் அன்றைக்கு நல்ல கூட்டம். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தோம். குளிரில் பல் கிட்டியது. கணக்கப்பிள்ளை தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு எங்களோடு நின்றார். தேவைப்பட்டால் அக்காவுக்குச் சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதைத் துரையிடம் சொல்லவில்லை, தன் விசாரணைக்கு என்று மட்டும் லீவு கேட்டு வந்திருந்தார்.

விசாரணை அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் தமிழில் கேட்டு இங்கிலீஷில் சொல்கிற மொழிபெயர்ப்பாளர். மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதுவரை போனவர்கள் எல்லோரும் அதற்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்லிவிட்டு வந்தார்கள்.

அக்கா பேரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். உட்கார்ந்தாள்.

யார் உட்காரச் சொன்னது என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். 

"நாக்காலி போட்டிருக்குங்களே," என்றாள் அக்கா.

அதிகாரி என்ன என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் ஏதோ முணுமுணுத்தார். அதிகாரி கையை அசைத்து, நடக்கட்டும் என்கிற மாதிரி காட்டினார்.

பேரு, பிறந்த இடம், புருஷன் செத்தது எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு அதிகாரி காகிதத்தில் விரலை வைத்தார். தோட்டத்து ஆள் பதிவில் ஒரு வருஷத்தில் சில மாதங்கள் இவள் பேர் இல்லை. அப்போது கப்பலேறி ஊருக்குத்தானே போயிருந்தாய் என்று கேட்டார்கள். கேட்ட விதமே பதிலையும் சேர்த்துக் கையில் கொடுக்கிற மாதிரி இருந்தது. ஆமாங்க என்று தலையாட்டினால் வேலை முடிந்தது.

"இல்லைங்க. பிள்ளை பெத்துக் கெடந்தேன். மூத்தவன்."

அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு போய் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றவில்லையா?

"இல்லைங்க. என் தங்கச்சி இங்கதான் இருக்கா."

நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிட்டாள், முடிந்தது, எழுந்து வந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அக்காவையும் அவள் உட்கார்ந்திருந்த விதத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாங்கள் கனவிலும் நினைக்காத ஒன்றைக் கேட்டார். இப்படியெல்லாம் பேச உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வியை நாங்கள் பழகவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை பேர், ஒருத்தர் வாயிலும் இந்தக் கேள்வி வரவில்லை. 'ஒருத்தரும் இல்லைங்க' என்று சொன்னால் சத்தியம் பண்ணிவிட்டுச் சொன்ன பொய். கடையைச் சொன்னால், சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்த சாட்சி என்று மனுவும் போகும், கடையும் போகும். என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. கணக்கப்பிள்ளை தொப்பியை உருட்டுவதை நிறுத்திவிட்டார்.

அக்கா அவசரப்படவில்லை.

"பேச யாரும் சொல்லித் தரலைங்க," என்றாள். "உக்காரத்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. அதிகாரி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். அந்தப் பிரசவ விஷயத்துக்குச் சாட்சி உண்டா என்று கேட்டார். அக்கா வாசல் பக்கம் திரும்பினாள்.

கணக்கப்பிள்ளை உள்ளே போனார். தோட்டத்துக்குத் தெரிந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆள் பதிவில் பேர் எழுதுகிறவர் தான்தான், பிள்ளை பெற்ற பொம்பளைக்கு அந்த மாதங்களில் பேர் போடவில்லை, அவள் லயத்தை விட்டு எங்கேயும் போகவில்லை என்று தெளிவாகச் சொன்னார். ஒரு 'ஆமாங்க'கூட இல்லை.

மழை விட்ட ஒரு ஞாயிறு

தீர்ப்பு வர மாதக் கணக்காயிற்று. எங்கள் கடையில் பழகிவிட்டுப் போனவர்கள் எல்லோரும் ஜெயித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பலர் தோற்றுத்தான் வந்தார்கள். எவ்வளவு நன்றாகப் பேசினாலும், எங்கேயோ ஒரு காகிதம் இல்லை என்று தள்ளினார்கள். எத்தனையோ பேர் பின்னாளில் அழுதுகொண்டே கப்பலுக்கு ரயிலேறிப் போனார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அக்காவுக்குக் கிடைத்தது. பதிவுக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, புடவைக் கடை வழியாக இல்லாமல் முன்வாசல் வழியாகவே வந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். இனி என் அக்காவை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது. நான் வாய்விட்டு அழுதேன். காசிம் நானா ரொட்டிக் கடையிலிருந்து எல்லோருக்கும் தேத்தண்ணி வரவழைத்தார்.

மூலை நாற்காலியில் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவருடைய மனு தள்ளுபடி. சின்ன வயதில் இந்தியாவுக்குப் போய் வந்த அந்த ஒரு பயணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அக்காவுக்குச் சாட்சி சொன்னதற்காகத் தோட்டத்தில் அவரை வேறு பிரிவுக்குத் தூக்கிப்போட்டிருந்தார்கள். மேல்முறையீடு எப்படிப் போடுவது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்க வந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, சந்தோஷம் செல்லாயி என்றார்.  இனிமேல் என்ன கேட்டு என்ன ஆகப்போகிறது, மறுபடியும் அதே கதைதான் என்று தொப்பியை எடுத்துப் புறப்படப் பார்த்தார்.

அக்கா தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் கொடுத்தாள். ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, மேசையை நடுவில் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க ஐயா," என்றாள். "முதல்லருந்து கேக்குறேன்."